மச்சானுடைய மார்புப் படம்

நான் ஆறடி இரண்டங்குலம். தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைனில் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தவன் நான் ஒருத்தன்தான். இரண்டு கையையும் விரித்து நின்றால் அந்த நீளம் என் உயரத்தைவிட அரை சாண் கூட வரும். சுரங்கத்துக்குள் எனக்கு டிம்பர் வேலை. பாறை தலைமேல் இறங்காதபடி மரத்தைக் கொடுத்து முட்டு நிறுத்தவேண்டும். மற்ற மேஸ்திரிகள் ஏணி கொண்டா, பலகை கொண்டா என்று கத்துவார்கள். நான் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கி ஆப்பு அடிப்பேன். நான் நிறுத்தின முட்டு சரிந்து ஒருத்தன் காயப்பட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் பொய்.

படிப்பு மூணாங்கிளாஸ். வெள்ளைக்காரன் கையிலிருந்து சர்க்கார் சுரங்கத்தை எடுத்த வருஷம் கூலியாகச் சேர்ந்தேன். பத்து வருஷத்தில் மேஸ்திரி. சிபாரிசு செய்ய எனக்கு மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. இந்தக் கைதான்.

இன்னொரு பெருமையும் இருந்தது. என் நெஞ்சு அடிக்கிற அடி. நான் படுத்தால் கட்டில் ஆடும். கழுத்து நரம்பு துள்ளுவது எதிரே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் தலை லேசாக அசையும். எங்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டு, கேஜ், வர நேரமானால் ஆட்களைக் கூப்பிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுவேன்.

"இன்னா மேஸ்திரி, உள்ள பம்பு வெச்சிருக்கியா?"

"பம்பு இல்லடா, கம்ப்ரஸரு. உங்க பத்து பேருக்கும் சேத்து ஓடும்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே எழுந்து நடப்பேன். அதையும் சுறுசுறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் மார்புப் படம் எடுப்பார்கள். பாறைத் தூசி நுரையீரலில் இறங்கினவனைக் கண்டுபிடித்துக் கீழே இறங்காமல் நிறுத்துவார்கள். அது உயிரைக் காப்பாற்றத்தான். ஆனால் எங்களுக்கு அது மானம் போகிற விஷயம். மேலே நிற்கிறவனுக்குச் சம்பளம் குறையும், மேஸ்திரி என்கிற பேரும் போகும். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு மேஸ்திரியை விளக்கு ரூமில் போட்டார்கள். காலையில் வரிசையில் நின்று தலைவிளக்கை வாங்கும்போது அவனைப் பார்த்து நான் சொல்லுவேன், "நல்லா தொடச்சிக் குடு அண்ணே, கீழ போற ஆம்பளைங்களுக்கு வேணும்." வரிசையே சிரிக்கும். அவன் விளக்கைத் துடைத்துக் கொடுப்பான். இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் என் படத்தைப் பார்த்த டாக்டர், "நெஞ்சுக்கு நடுவுல நிழல் கொஞ்சம் அகலமா இருக்கு. அடுத்த மாசம் வந்து மறுபடி காட்டு," என்றார். நிழல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு விளக்கு ரூம்தான் கண்முன் வந்தது. தூசி இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். அடுத்த மாசம் போகவில்லை.

அடுத்த வருஷம் போகவேண்டி வந்தபோது என் மச்சானை அனுப்பினேன். மச்சான் என்றால் என் பெண்சாதியின் தம்பி. சுரங்கத்துக்கு மேலே, கல் அரைக்கிற மில்லில் வேலை செய்தான். கட்டையான ஆள், அகலமான மார்பு, ஊரிகம் டீமில் புட்பால் ஆடுகிறவன். படம் எடுக்கிற இடத்தில் மூஞ்சியை யார் பார்த்தார்கள்? ஆயிரம் பேர் வரிசை. நம்பர் போட்ட பித்தளை டிக்கெட்டை நீட்டினால் அந்த நம்பரில் படம் விழும். என் டிக்கெட்டைக் கொடுத்து, "போய் நின்னுட்டு வாடா," என்றேன்.

"மாட்டிக்கினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும் மாமா."

"என் டிக்கெட்ட கையில வெச்சிக்கினு பயப்படறியா? நிமிந்து நில்லு. மேஸ்திரி மாதிரி நில்லு."

போனான், வந்தான். என் பேரில் சுத்தமான நெஞ்சு பதிவானது. அடுத்த வருஷமும் அதே. என் பெண்சாதிக்கு இது தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருஷம் கேஜிலிருந்து இறங்கி லெவலில், அந்தக் கிடைச் சுரங்கப் பாதையில், நூறு அடி நடந்ததும் மூச்சு வாங்கியது. முட்டு மரத்தைத் தூக்கினவன் மரத்தோடு உட்கார்ந்துவிட்டேன். காலம்பர குடித்த காபி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். மறுவாரம் மறுபடி அப்படியே ஆனது. இந்தத் தடவை மரமும் விழுந்தது, நானும் விழுந்தேன். ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் போட்டு மேலே கொண்டுவந்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முகம் மாறியது. "இது இங்க முடியாது," என்று எழுதிக் கொடுத்தார். என் பேரில் கடைசியாக எடுத்த இரண்டு படங்களையும் பெரிய கவரில் போட்டுக் கையில் தந்தார். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, மதராஸ் போகிற வழியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், என் பெண்சாதி, கவரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மச்சான்.

அங்கே இருந்த அறுவை டாக்டர் சின்ன ஆள். என் மார்பு உயரம்தான் இருப்பார். அவர் முதலில் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கச் சொன்னார். அது அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சுவரோரம் நிற்கவைத்து இரண்டு கையையும் விரித்து அளந்தார்.

"இந்தக் கை யாருக்கும் கெடைக்காது டாக்டர்," என்றேன். "ஏணி இல்லாம வேலை செய்வேன்."

"உங்க அப்பாவும் இந்த உயரமா?"

"என்னவிட ஒரு விரக்கடை கூட."

"இருக்காரா?"

"இல்ல. சாப்பிட்டு எழுந்தாரு, அப்படியே விழுந்தாரு. நாப்பது வயசுகூட ஆவல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு தொடையில் ஒரு குழாயை விட்டு, மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். இந்த உயரம், இந்தக் கை, இந்த விரல், இதெல்லாம் ஒரே குறையிலிருந்து வருவதாம். உடம்பைக் கட்டி வைத்திருக்கிற நார் பிறவியிலேயே இளக்கம். நெஞ்சிலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் அதனால் வீங்கிப்போயிருக்கிறது. அதன் வாயில் இருக்கிற கதவு மூடினாலும் சேரவில்லை. வெளியே தள்ளின ரத்தம் பாதி திரும்பி உள்ளே கொட்டுகிறது. கொட்டினதைத் திரும்பத் தள்ளத்தான் நெஞ்சு அந்த இடி இடிக்கிறது.

நான் கேட்டேன், "கதவு கெட்டுப்போச்சா, இல்ல நிலை அகண்டுபோச்சா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் மரவேலைக்காரன் டாக்டர். நிலை அகண்டா நல்ல கதவும் நடுவுல சேராது. அதுக்குக் கதவ மாத்தறவன் மடையன். நிலைய இழுத்துக் கட்டணும்."

"அதான். அதேதான் நானும் நினைச்சேன்," என்றார். எனக்கு அந்த நிமிஷம் நோய் மறந்துபோனது. டாக்டருக்கே பாயிண்டு எடுத்துக் கொடுத்தவன் நான்.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. மச்சான் கொடுத்த கவரைப் பிரித்து இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"போன வருஷம் எடுத்த படத்துல குழாய் சாதாரணமா இருக்கு. ஒரே வருஷத்துல இவ்வளவு வீங்கியிருக்கு. இவ்வளவு வேகமா வீங்கினா உள்சுவர் கிழிஞ்சிருக்கும், நான் எடுத்த படத்துல தெரியாம ஒளிஞ்சிருக்கு. காத்திருக்க முடியாது. நாளைக்குக் காலையிலயே திறக்கணும். கதவ சரிபண்ற வேலையெல்லாம் அப்போ நடக்காது. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு இரும்புக் கதவு வைக்கணும். பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க."

போய்விட்டார். நான் மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். போன வருஷத்துப் படத்தில் இருந்தது அவன் நெஞ்சு.

வார்டுக்கு வெளியே நீளமான நடை ஒன்று இருந்தது. நடக்கக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னதையும் கேட்காமல் நடந்தேன். இந்தக் கடைசிக்குப் போய்த் திரும்புவேன், அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்புவேன். மச்சான் பின்னாலேயே வந்தான்.

"சொல்லிடு மாமா."

"சொன்னா அவரு மைன்ஸுக்கு எழுதுவாரு. உன் வேலை போயிடும். வர தை மாசம் உனக்குக் கல்யாணம்."

"தப்பா வெட்டிட்டா நீ போயிடுவ."

"நான் போவமாட்டேன். என் நெஞ்சு கம்ப்ரஸரு."

"அதான் கெட்டுப்போச்சின்னு டாக்டரு சொல்றாரே!"

அவன் கல்யாணத்துக்காகத்தான் நான் வாய்திறக்கவில்லை என்று பல பேரிடம் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த விளக்கு ரூம்காரன். கே.ஜி.எப். முழுக்கத் தெரிந்துவிடும், மேஸ்திரி இன்னொருத்தன் நெஞ்சைக் காட்டிப் பிழைத்தான் என்று. அவன் வரிசையில் எனக்கு விளக்கு நீட்டும்போது என்ன சொல்வான்? உயிர் போகிற சமயத்தில் மனுஷன் இதையா யோசிப்பான் என்று கேட்பீர்கள். யோசித்தேன். போனேன், திரும்பினேன், போனேன்.

இருபதாவது தடவையோ என்னவோ, திரும்பி வந்தபோது என் பெண்சாதி கட்டில்மேல் இருந்த கவரிலிருந்து ஒரு படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. புருஷனுக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு இடத்தில் விரல் வைத்தாள். கழுத்துக்குக் கீழே, தோள் எலும்பில்.

"ஏங்க, இங்க வாங்க. இந்த எலும்பு ஏன் கோணலா இருக்கு?"

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"புட்பால்ல விழுந்து ஒடச்சிக்கினு வந்தானே என் தம்பி, புத்தூர் கட்டு போட்டு மூணு மாசம் நான்தானே சோறு ஊட்டினேன். கட்ட அவுத்தப்போ இப்படித்தானே கோணலா சேந்திருந்தது. தடவித் தடவிப் பாத்து அழுதேனே." அவள் என் சட்டைக்குள் கையை விட்டு என் தோள் எலும்பைத் தடவினாள். அது நேராக, வழவழப்பாக இருந்தது. "இது அவன் எலும்பு."

மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. படத்தைக் கவரில் திரும்பப் போட்டாள். "டாக்டராண்ட நீங்க போய் சொல்றீங்களா, நான் போய் சொல்லட்டா?" என்றாள்.

டாக்டர் ரூமில் நான்தான் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பேச்சில் என்னை ஜெயிக்க கோல்டுபீல்டில் ஆள் கிடையாது, அன்றைக்கு நான்கு வார்த்தை கோர்த்துச் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. அவர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"நாளைக்குக் காலையில நான் யாரைத் திறக்கறதா இருந்தேன் தெரியுமா? இல்லாத ஒரு நோயாளியை."

"தப்புதான் டாக்டர்."

"உங்களோட சொந்தப் படம், பழசு, ஒண்ணுகூட இல்லையா?"

ஒன்று இருந்தது. நிழல் அகலமாக இருக்கிறது என்று சொன்ன அந்த முதல் படம். அது மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பழைய படங்களோடு கிடக்கும். அதோடு ஒப்பிட்டால் எத்தனை வருஷத்தில் எவ்வளவு வீங்கியது என்று சரியாகத் தெரிந்துவிடும் என்றார். மெல்ல வீங்கியிருந்தால் கிழிசல் இருக்காது, பதறவேண்டியதில்லை, நிலையை இழுத்துக் கட்டிக் கதவைக் காப்பாற்றலாம். நாளை மறுநாள் மாலைக்குள் அந்தப் படம் வரவேண்டும், அதற்குமேல் காத்திருக்கத் தனக்குத் தைரியமில்லை என்றார்.

ஆனால் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பழைய படத்தை எடுத்துத் தா என்று கேட்டால், புதுப்படம் இரண்டு கையில் இருக்க அது எதற்கு என்று கேட்பார்கள். அப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

"நான் போறேன்," என்றான் மச்சான்.

"வேணாண்டா. நான் கடிதாசி எழுதச் சொல்றேன்."

"கடிதாசி போய் சேர்றதுக்குள்ள நீ போய் சேந்துடுவ." செருப்பை மாட்டிக்கொண்டான். "நிமிந்து நில்லுன்னு சொன்னியே மாமா, இப்போ போய் நிக்கிறேன்."

அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. நடக்கவிடாமல் என் பெண்சாதி கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டுக் காவல் உட்கார்ந்தாள். படுத்தால் கட்டில் ஆடியது. முன்பெல்லாம் அந்த ஆட்டம் எனக்குத் தாலாட்டு. இப்போது ஒவ்வொரு அடியும் வீங்கின சுவரில் போய் மோதுவதாகத் தோன்றியது. பாறைக்குள் இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாறை பெரிதாக வெடிக்கிறதுக்கு முன்னால் டக், டக் என்று முட்டு மரத்தில் கேட்கும். கேட்டால் கருவிகளைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். இங்கே எங்கே ஓடுவது? வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவேன். அவள் தோளைப் பிடித்துப் படுக்கவைப்பாள். கறாராக ஒன்று கேட்டாள்: "ரெண்டு வருசமா எங்கிட்ட மறச்சீங்களே, என்ன இன்னான்னு நெனச்சிக்கினு இருந்தீங்க?"

இரண்டாம் நாள் மத்தியானம் தாண்டி மச்சான் வந்தான். சட்டையெல்லாம் ரயில் கரி. கவரை நேராக டாக்டர் ரூமில் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

"இன்னாடா சொன்னாங்க?"

"என் வேலை டிக்கெட்ட வாங்கி வெச்சிக்கினாங்க. விசாரணை வெப்பாங்களாம், அதுவரைக்கும் வேலை இல்ல."

"படத்த எப்படிக் குடுத்தாங்க?"

"மொதல்ல கத்தினாங்க. அப்புறம் நாலு பேரு சேந்து தேடினாங்க. தூசியில கெடந்துச்சி. அந்த விளக்கு ரூம் அண்ணன் இருக்காரு இல்ல, அவரு மருந்து வாங்க வந்திருந்தாரு. அவரும்தான் கூட உக்காந்து தேடினாரு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

டாக்டர் என் பழைய படம், போன வருஷத்துப் படம், அங்கே எடுத்த படம் மூன்றையும் வரிசையாக மாட்டியிருந்தார். நடுவிலிருந்த மச்சான் படத்தை எடுத்துக் கீழே வைத்தார். முதல் படத்திலேயே குழாய் வீங்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் மெல்ல மெல்ல வந்தது. கிழிசல் இல்லை. பத்து நாள் தேற்றி, ரத்தம் சேகரித்து, நிதானமாகச் செய்யலாம் என்றார். ரத்தம் கொடுத்தவர்களில் மச்சானும் ஒருத்தன்.

அறுவையைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூக்கில் மருந்து வைத்தார்கள், நூறிலிருந்து எண்ணச் சொன்னார்கள். கீழ்நோக்கி எண்ண எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே நினைவு போனது. நெஞ்சை நிறுத்தி, ரத்தத்தை ஒரு மெஷினில் சுற்றவிட்டு, வீங்கின குழாயை வெட்டி எடுத்து அந்த இடத்தில் நூலில் நெய்த குழாயை வைத்துத் தைத்தார்களாம். நிலையை இழுத்துக் கட்டினார்கள். கதவு என்னுடையதேதான், இன்னமும். கண் திறந்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் பாறை விழுந்த வலி. ஆனால் அதைவிட ஒன்று என்னைக் கலங்கடித்தது. கட்டில் ஆடவில்லை. செத்துப்போய்விட்டேனோ என்று கையை அசைத்துப் பார்த்தேன். என் பெண்சாதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணையில் நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். சின்னவன், அக்கா புருஷன் சொன்னதைக் கேட்டான், குற்றம் என்னுது. இரண்டு மாசம் வேலை இல்லாமல் நிறுத்தி வைத்து அவனை மறுபடி சேர்த்தார்கள். கல்யாணம் தையில் நடக்கவில்லை, வைகாசியில் நடந்தது. என்னைக் கீழே இறங்கக்கூடாது என்று நிறுத்தி மர யார்டில் போட்டார்கள். வந்து இறங்குகிற மரத்தைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லுகிற வேலை. அங்கே கற்றதை வைத்துத்தான் பிறகு ராபர்ட்சன்பேட்டையில் சொந்தமாக மரக்கடை போட்டேன். அதெல்லாம் வேறு பெருமை, இங்கே வேண்டாம்.

அடுத்த வருஷம் மார்புப் படம் எடுக்கிற வரிசையில் நானே போய் நின்றேன். சட்டையைக் கழற்றினேன். தொண்டைக் குழியிலிருந்து மேல்வயிறு வரைக்கும் தழும்பு. எனக்குப் பின்னால் நாலு பேர் தள்ளி ஒரு குரல் கேட்டது. விளக்கு ரூம் அண்ணன்.

"இன்னா மேஸ்திரி, இந்த வருசம் யாரையும் அனுப்பலையா?"

வரிசையே சிரித்தது. எனக்கு வாயில் பத்து பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. திரும்பி அவரைப் பார்த்து, "இல்ல அண்ணே, நானேதான்," என்றேன்.

அவர் தலையை அசைத்தார், முன்னால் போ என்பதுபோல. நான் போய் அந்தச் சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டிவைத்து நின்றேன். மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டின கம்பி முடிச்சு ஆறும் படத்தில் விழும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சை இழுத்துப் பிடி என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். பிடித்தேன். நெஞ்சு அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். உடனே கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, தூரத்து லெவலில் யாரோ ஒருத்தன் அவசரமில்லாமல் ஆப்பு அடிக்கிற மாதிரி கேட்டது.